நாரை கேட்ட வரம்

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், கற்பிட்டிக் குடாநாட்டைச் சேர்ந்த குடாவக் கரையிலே பதினான்கு பைலட் திமிங்கிலங்கள் வந்து தரைதட்டின. ஊர் மீனவரும் கடற்படையினரும் கூடி அவற்றை மீண்டும் ஆழ்நீருக்குக் கொண்டுசெல்லப் பாடுபட்டனர். பதினொன்று கடலுக்குத் திரும்பின, மூன்று மடிந்தன. இதற்கு முன்னர், 2020 நவம்பரில், பாணந்துறைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்டவை இவ்வாறே ஒதுங்கியபோதும் மக்கள் இரவிரவாக நீரில் நின்று அவற்றைத் தள்ளிவிட்டனர். பத்திரிகைகளுக்கு இவை ஒருநாட் செய்திகள். மறுநாள் வேறு செய்தி வந்துவிடும்.

ஆயினும் இச்செய்தியில் நாம் சிறிது தரித்து நிற்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. இப்பிராணிகள் ஏன் கூட்டமாகக் கரைதட்டுகின்றன என்பதற்கு ஆராய்ச்சியாளர் ஒரே காரணத்தைக் கூறுவதில்லை. எனினும் அவர்கள் கூறும் விளக்கங்களுள் முக்கியமானது ஒன்று: நோயுற்றோ வழிதவறியோ ஒரு திமிங்கிலம் கரையை நோக்கி வரும்போது, கூட்டத்தில் ஏனையவை அதனைக் கைவிட மறுத்து உடன் வருகின்றன. மீட்டுக் கடலில் விட்டவை கூடக் கரையிற் கிடக்கும் துணையை நோக்கித் திரும்பி வருவதுண்டு. அதாவது, எந்தப் பிணைப்பினாலே அவை கடலில் இவ்வளவு காலம் வாழ்ந்து பெருகினவோ, அந்தப் பிணைப்பே அவற்றுக்கு யமனாகிறது. கொடிய குணம் ஒன்றினால் அவை அழிந்திருந்தால் நமக்கு ஒருவகைச் சமாதானமாவது கிடைக்கும். நல்ல குணத்தினால் அழிகின்றன.

பிழைத்தவற்றைக் கண்டு “ஆண்டவன் காப்பாற்றினான்” என்பதும், மடிந்தவற்றைக் கண்டு “ஆண்டவன் சித்தம்” என்பதும் நம் கரையோர மக்களின் இயல்பான பேச்சு. இவ்விரு வாக்கியங்களும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கேட்டு நகைப்பது முற்போக்காளர் சிலருக்கு வழக்கம். நாம் நகைக்கவில்லை. கழுத்தளவு நீரில் நின்று தள்ளியவர்கள் அம்மக்களே. நகைப்பவருள் எத்தனை பேர் அன்று நீரில் இறங்கியிருப்பர் என்பது வேறு விடயம்.

ஆனால் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. எல்லாம் வல்லவன், எல்லாம் அறிந்தவன், கருணைக்கு எல்லையில்லாதவன் எனச் சமயங்கள் போற்றும் ஒருவன் இவ்வுலகைப் படைத்தான் என்றால், வாயற்ற சீவன்களின் வதைக்கு யாது பொருள்? மனிதர் மனிதருக்கு இழைக்கும் கொடுமைக்குச் சமயவாதிகளிடம் எப்போதும் ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. மனிதனுக்குச் சுதந்திரம் அளிக்கப்பட்டது. அவன் அதனைத் தவறாகப் பயன்படுத்தினான் என்பர். அந்த விடை போதுமா போதாதா என்பதை இங்கே விடுவோம். வில்பத்துக் காட்டில், மழைநீர் தங்கும் வில்லு ஒன்றின் கரைக்கு நீரருந்த வந்த புள்ளிமான் கன்றின் கழுத்தைச் சிறுத்தை கவ்வும்போது, யாருடைய சுதந்திரம் தவறாகப் பயன்பட்டது? மானுக்குப் பாவமில்லை, சிறுத்தைக்கும் பாவமில்லை. (நம்மவர் சிறுத்தையையே புலி என்பர். புலியென்ற விலங்கு இத்தீவின் காடுகளில் இல்லை. அப்பெயரை அரசியலிற் சூடியவர்கள் பின்னால் இக்கட்டுரையில் வருவர்.) மனிதன் செய்த முதற் பாவத்தினாலே இயற்கை முழுவதும் கெட்டது என்று சொன்னோரும் உளர். பாறைகளில் உறைந்து கிடக்கும் எலும்புகளும் ஓடுகளும் அதற்கு இடந்தரவில்லை. ஏறக்குறைய ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னரே உயிர் உயிரைத் தின்று வாழ்ந்ததற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. மனிதனோ நேற்றுப் பிறந்தவன்.

இவ்விடத்திலேதான் டார்வின் தடுமாறினார். 1860ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தாவரவியலாளரான ஏசா கிறேக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. கம்பளிப்புழுவின் உடலுக்குள்ளே முட்டையிட்டு, புழு உயிருடன் இருக்கும்போதே தன் குஞ்சுகள் அதனை உள்ளிருந்து தின்னும்படி செய்யும் குளவியினத்தை, கருணையுள்ள கடவுள் ஒருவர் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என அதில் அவர் தெரிவித்தார். நாத்திகப் பிரசாரம் செய்வது தமது நோக்கமன்று என்பதையும் அவர் அங்கேயே சொல்லிவிடுகிறார். கண்டதைக் கண்டபடி சொல்ல நேர்ந்த ஒருவரின் சங்கடம் அது. 1874இல், இறந்தபின் வெளிவந்த கட்டுரையிலே யோன் ஸ்டூவாட் மில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். மனிதன் செய்தால் தூக்குமேடைக்கு அனுப்பப்படும் செயல்களை இயற்கை நாள்தோறும் செய்கிறது; ஆகவே இயற்கையைப் பார்த்து ஒழுக்கம் கற்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஐரோப்பியரைவிட்டு நம் கரைக்கு வருவோம். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை உள்ள கரைபோன்று பல சமயங்கள் தோளோடு தோள் நிற்கும் இடங்கள் இந்நாட்டிற் சிலவே. முன்னேசுவரத்தில் சிவன் கோவில். உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு. தலவிலவில் அன்னம்மாள் ஆலயம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பள்ளிவாசல்கள். உள்நாட்டை நோக்கிச் சென்றால் விகாரைகள். விலங்கின் துன்பம் பற்றி இச்சமயங்கள் ஒவ்வொன்றும் ஏதோவொரு வகையிற் சிந்தித்தே உள்ளன. அவற்றைக் கேளாமல் தீர்ப்புக் கூறுவது அறிவாகாது.

விவிலியத்தில் யோபுவின் கதை இருக்கிறது. பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகி, ஏன் எனக்கு இது என்று யோபு கேட்கிறான். ஆண்டவர் புயலின் நடுவிலிருந்து விடை தருகிறார். அந்த விடையில் யோபுவைப் பற்றிய பேச்சே இல்லை. காட்டு விலங்குகளின் பட்டியல்தான் இருக்கிறது. சிங்கம் இரைதேடுவதையும், காக்கைக் குஞ்சு பசியால் அலறுவதையும், தீக்கோழி தன் முட்டையை மண்ணிலே விட்டுப் போவதையும், கழுகுக் குஞ்சு இரத்தம் குடிப்பதையும் ஆண்டவர் வரிசையாகக் காட்டுகிறார். உலகம் உன் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டையன்று என்பதே அதன் கருத்துப் போலும். இலக்கியம் என்ற அளவில் இதற்கு நிகரானவை மிகச் சில. விடை என்ற அளவில்? தந்தையிடம் பசியைச் சொல்லி அழும் பிள்ளைக்குத் தந்தை தன் வீட்டின் விசாலத்தைக் காட்டுவது போன்றது அது.

இஸ்லாமிய மரபிலே இக்கேள்வி சட்டநுட்பத்தோடு ஆராயப்பட்டது. பூமியில் ஊரும் பிராணிகளும் சிறகடிக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமூகங்களே என்ற கருத்துக் குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. மறுமை நாளில் கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டிடமிருந்து நீதி பெற்றுத் தரப்படும் என்ற நபிமொழியும் உண்டு. பஸ்ராவிலும் பக்தாதிலும் தோன்றி வளர்ந்த முஃதசிலா அறிஞர்கள், 1025இல் மறைந்த காதி அப்துல் ஜப்பார் முதலானோர், நீதிமானான இறைவன் விலங்குகளின் வலிக்கும் ஈடு செலுத்தியே ஆக வேண்டும் என்று வாதித்தனர். கொம்பில்லாத ஆட்டின் வழக்கையும் பதிவுசெய்யும் நீதிமன்றம் ஒன்றைக் கற்பனை செய்த மனம் மதிப்புக்குரியது. ஆனால் ஈடு என்பது பட்ட காயத்துக்குப் பின்னரே வருவது. காயம் ஏன் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

நம் சைவர்கள் வினைக் கொள்கையைக் கொண்டுவருவர். மணலிலிருந்து வெளிப்பட்டுக் கடலை நோக்கி ஓடும் ஆமைக்குஞ்சை எண்ணிப் பாருங்கள். இந்நாட்டுக் கரைகளுக்கு ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. தாய் ஆமை இரவிலே வந்து ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. குஞ்சுகள் வெளிவந்ததும் நண்டும் காகமும் நாயும் மீனும் காத்திருக்கின்றன. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றிரண்டே முழு வளர்ச்சி பெறும் என்பது பொதுவான மதிப்பீடு. எஞ்சிய தொள்ளாயிரத்துச் சொச்சமும் முற்பிறப்பில் என்ன செய்தன? ஒழுக்கம் இன்னதென அறியாத பிறவியிலே வினையைக் கழிக்கத்தான் முடியும், ஈட்ட முடியாது என்று சித்தாந்திகள் நுட்பம் சொல்லலாம். அப்படியாயின் முட்டையோட்டை உடைத்த மறுகணமே நண்டின் வாயிற் போகும் குஞ்சு எதைக் கற்றது, எதைக் கழித்தது? இக்கொள்கையை நாம் ஐயுறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆமைக்குஞ்சின் சாவை விளக்கிய அதே கோல்தான் மனிதரையும் அளந்தது. 1968இல் மாவிட்டபுரத்திலே கோவிலுக்குள் நுழைய வந்த மக்களை வாயிலில் மறித்து நின்றவர்களிடம் கேட்டிருந்தால், முற்பிறப்பின் பயன் என்றே சொல்லியிருப்பர். விலங்கைக் குற்றவாளியாக்கிக் கடவுளை விடுவிக்கும் தத்துவம், மனிதனைக் குற்றவாளியாக்கி உடைமை வர்க்கத்தை விடுவிக்கவும் உதவியது.

பௌத்தம் சிருஷ்டிகர்த்தா ஒருவரை ஏற்காதபடியால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கொள்கிறது. துன்பம் உண்டு என்பதே அதன் முதல் வாய்மை. பசியால் தன் குட்டிகளையே தின்னத் துணிந்த பெண்புலிக்குப் போதிசத்துவர் தம் உடலை அளித்த கதை, ஆரியசூரரின் ஜாதகமாலையில் முதற் கதையாக வருகிறது. மனத்தை உருக்கும் கதை. ஆனால் காட்டிலுள்ள புலிகளுக்கெல்லாம் போதிசத்துவர்களைத் தேடுவது இயலாது.

இவையெல்லாவற்றிலும் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது தமிழ்ப் புராணக் கதை ஒன்றே. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் என ஒன்று உண்டு. வறட்சியினாலே தன் குளத்தை இழந்த நாரையொன்று முனிவர்கள் நீராடும் வேறொரு தடாகத்துக்குச் செல்கிறது. முனிவர்களின் சடையில் தவழும் மீன்களைக் கண்டு, இவற்றைத் தின்பது தகாது எனப் பசியோடு இருக்கிறது. மதுரையின் பெருமையை அவர்கள் பேசக் கேட்டு அங்கே சென்று பொற்றாமரையில் மூழ்கி இறைவனை வழிபடுகிறது. ஒருநாள் பசி மிகுகிறது. எதிரே மீன் துள்ளுகிறது. நாரை தன்னை அடக்கிக்கொள்கிறது. இறைவன் தோன்றி வேண்டிய வரம் கேள் என்கிறான். நாரை தனக்குச் சிவலோகம் கேட்கிறது. அத்தோடு இன்னொன்றும் கேட்கிறது: இப்பொய்கையில் மீனே இல்லாதிருக்க வேண்டும், இருந்தால் என் இனத்தவர் தின்று பாவத்துக்கு ஆளாவர். இறைவன் அவ்வாறே அருளினான் என்பது கதை.

இதைப் பாலபாடக் கதையாகக் கேட்டு வளர்ந்த நாம் இதன் துணிவைக் கவனிப்பதில்லை. அந்த நாரை தனக்கு நல்ல மனத்தைக் கேட்கவில்லை. அது ஏற்கெனவே அதனிடம் இருந்தது. மற்ற நாரைகளுக்கும் நல்ல மனத்தைத் தா என்றும் கேட்கவில்லை. சூழ்நிலையை மாற்று என்று கேட்டது. பாவம் செய்ய வேண்டிய நிலைமையில் ஓர் உயிரை வைத்துவிட்டுப் பின் அதனைப் பாவி என்பது நீதியன்று என்பதை ஒரு கொக்கின் வாயில் வைத்துச் சொன்ன புலவனை எந்த அணியில் சேர்ப்பது என்பதைப் பண்டிதர்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் கதை அங்கே நின்றுவிடுகிறது. மீனில்லாத பொய்கைக்கு வரும் அடுத்த நாரை எதைத் தின்னும்? பொற்றாமரையை மீனின்றி ஆக்க முடிந்த கை, வைகையையும் கடலையும் ஏன் அப்படியே விட்டது? நாரையைப் பாவத்திலிருந்து காப்பது ஒரு குளத்தளவில்தான் முடியும். அதற்கு அப்பால் நாரையும் மீனும் ஒருங்கே வாழும் உலகம் இல்லை. அருள் ஒரு குளத்தின் நாற்புறப் படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. புராணக்காரர் அறிந்தோ அறியாமலோ கடவுட் கொள்கையின் எல்லையை அங்கே வரைந்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

கஜேந்திரன் கதையும் இவ்வகையினதே. முதலை யானையின் காலைப் பற்றியது; யானை ஓலமிட்டது; திருமால் வந்து சக்கரத்தால் முதலையைக் கொன்றார். முதலைக்கு நேர்ந்தது அநீதி என்று நாம் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக, அது சாபம் பெற்ற கந்தருவன் என்றும் அதற்கும் விடுதலை கிடைத்தது என்றும் கதை சொல்லப்பட்டது. வில்பத்து வில்லுகளில் கோடைகாலத்தில் நீர் வற்றி ஒடுங்கும்போது சேற்றிலே காத்துக் கிடக்கும் முதலை எந்தச் சாபமும் பெற்றதன்று. அதற்குப் பசி. பக்திக் கதைகள் கொல்லும் விலங்கின் பசியைப் பேச அஞ்சுகின்றன. பேசினால் கடவுள் எந்தப் பக்கம் நிற்பார்?

இவ்வளவும் சொன்னதனால் நாத்திகரின் பக்கத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கடவுள் இல்லை, ஆகவே இக்கேள்வியும் இல்லை என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவோர் நம்மிடையே பலர். வகுப்பறையில் மாணவன் ஒருவன் மான்கன்றைப் பற்றிக் கேட்டால், அது இயற்கையின் விதி, சிறுத்தை இல்லாவிட்டால் மான்கள் பெருகிக் காட்டையே தின்று தீர்த்துவிடும், பின் அவையும் அழியும் என்று விடை சொல்லுகிறோம். அறிவியல் என்ற அளவில் அது சரி. ஆனால் மாணவன் கேட்டது மானினத்தைப் பற்றியா, அந்தக் கன்றைப் பற்றியா? இனம் வாழ்வதற்காகத் தனியுயிர் வதைபடுவது நியாயம் என்னும் கணக்கைக் கடவுளின் பெயரால் சொன்னாலும் இயற்கையின் பெயரால் சொன்னாலும் கணக்கு ஒன்றே. ஆள்வோர் எப்போதும் விரும்பும் கணக்கும் அதுவே. நாட்டின் மேன்மைக்காகச் சிலர் இழக்கத்தான் வேண்டும் என்பர். இழப்பவர் பட்டியலில் சொல்பவர் பெயர் இராது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில், வதைபட்ட ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொடுத்துப் பெறும் சொர்க்கம் தனக்கு வேண்டாம் என்று இவான் மறுக்கிறான். அவன் மறுத்தது கடவுளின் கணக்கை. இருபதாம் நூற்றாண்டில் இடதுசாரி அணியினரும் எதிர்காலச் சொர்க்கத்தின் பெயரால் அதே கணக்கைப் போட்டதுண்டு என்பதை நம் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

இயற்கையின் விதி என்னும் சொல்லை நாம் கவனமாகக் கையாள வேண்டும் என்பதற்கு வரலாறு சாட்சி. வலியது வாழும் என்ற சுலோகத்தை டார்வினின் பெயரால் முதலாளிமாரும் ஏகாதிபத்தியவாதிகளும் சென்ற நூற்றாண்டுகளில் நன்றாகப் பயன்படுத்தினர். டார்வினின் பக்கத்தில் நின்று போராடிய ஹக்ஸ்லியே 1893இல் ஒக்ஸ்போர்ட்டில் நிகழ்த்திய பேருரையில் இதனை மறுத்தார். மனிதரின் அறம் பிரபஞ்சத்தின் போக்கைப் பின்பற்றுவதில் இல்லை, அதனை எதிர்ப்பதில் இருக்கிறது என்பது அவர் கொண்ட முடிவு. குரொப்பொட்கின் வேறொரு வழியிற் சென்று, சைபீரியாவில் தாம் கண்ட விலங்குகளின் கூட்டு வாழ்வை ஆதாரமாகக் கொண்டு 1902இல் ‘பரஸ்பர உதவி’ என்னும் நூலை வெளியிட்டார். இயற்கையிற் போட்டி மட்டுமன்று ஒத்துழைப்பும் உண்டு என்று அவர் காட்டியது பெருந்தொண்டு. முற்போக்காளர் அந்நூலை விரும்புவதும் இயல்பே. ஆயினும் குடாவக் கரைக்கு ஒதுங்கிய திமிங்கிலங்கள் குரொப்பொட்கினுக்கும் ஒரு எச்சரிக்கை. பரஸ்பர உதவியே அங்கு சாவுக்குக் காரணமாயிற்று. இயற்கை நமக்கு உவமைகளைத் தரும், சட்டங்களைத் தராது. ஹக்ஸ்லியின் பக்கமே நாம் சாய்கிறோம்.

இனி, இயற்கை செய்வதையும் நாம் செய்வதையும் பிரித்தறிய வேண்டிய இடத்துக்கு வருகிறோம். 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிற் கொட்டின. மேற்குக் கரை முழுவதும் மணலோடு மணலாக அவை ஒதுங்கின. அவ்வாண்டு ஜூன் முடிவதற்குள் 176 ஆமைகளும் 20 ஓங்கில்களும் 4 திமிங்கிலங்களும் இறந்து கரையொதுங்கியதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. சிலாபத்திலும் நீர்கொழும்பிலும் மீனவர் தொழிலுக்குப் போக முடியாமல் இருந்தனர்.

நண்டின் வாயிற் போன ஆமைக்குஞ்சும், கப்பலின் நஞ்சில் மாண்ட ஆமையும் வலியின் அளவில் வேறுபடாதிருக்கலாம். கேள்வியின் அளவில் வேறுபடுகின்றன. முன்னதற்கு யாரிடம் முறையிடுவது என்பது நமக்குத் தெரியாது. பின்னதற்கு முகவரி உண்டு. வேடிக்கை என்னவென்றால், வெள்ளம், புயல் முதலியவற்றுக்கு ஒப்பந்தச் சட்டத்தில் வழங்கும் பெயர் ‘கடவுளின் செயல்’ என்பது. எவரும் பொறுப்பேற்க வேண்டாத இடத்திலே கடவுளை நிறுத்துவது தத்துவவாதிகள் மாத்திரம் செய்யும் காரியமன்று. வழக்கறிஞரும் காப்புறுதிக் கம்பனிகளும் அதையே செய்கின்றனர். கப்பற் கம்பனி தன் பொறுப்பை இலண்டன் நீதிமன்றத்தில் ஏறக்குறைய 1.9 கோடி பவுணுக்குள் அடக்கிக்கொள்ள முயன்றது. 2025 ஜூலை 24ஆம் திகதி இலங்கை உயர்நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், செலுத்தப் போவதில்லை என்று கம்பனியின் தலைவர் அறிவித்தார். முஃதசிலாக்கள் மறுமை நாளில் எதிர்பார்த்த ஈட்டை இம்மையில் ஒரு நீதிமன்றம் கட்டளையிட்ட பின்னரும் நிலைமை இது.

புத்தளம் களப்பின் கரையிலும் இதே பாடந்தான். 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகக் கண்டற் காடுகள் வெட்டப்பட்டன, வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பல கைவிடப்பட்டன, கண்டல் திரும்பவில்லை. 2020 ஆகஸ்டில் ஆனைவிழுந்தான் ஈரநிலச் சரணாலயத்துக்குள்ளேயே இறால் வளர்ப்புக்கென இயந்திரம் கொண்டு கண்டல் அழிக்கப்பட்டது. 2001இல் சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நிலம் அது. அந்த ஊர்ப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். என்றோ ஒருநாள் ஓர் யானை அங்கே விழுந்திருக்கிறது. கண்டவர் ஒருவர் இருந்ததனால் பெயர் நின்றுவிட்டது. அமெரிக்கத் தத்துவாசிரியரான வில்லியம் ரோ 1979இல் எழுதிய கட்டுரையில், காட்டுத்தீயில் வெந்து பல நாள் துடித்து, எவர் கண்ணிலும் படாமல் இறக்கும் மான்குட்டி ஒன்றை உதாரணமாகக் காட்டி, இதனால் எந்த நன்மை விளைந்தது என்று கேட்டார். காட்டில் விழும் யானைகளில் பெரும்பாலானவை அந்த மான்குட்டியைப் போன்றவையே.

விலங்கின்மேல் இரக்கம் என்பதும் எப்போதும் தூயதன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் பாதி உண்மையே சொன்னவராவோம். முன்னேசுவரத்துக் காளி கோவிலில் ஆடு கோழி பலியிடும் வழக்கத்தை எதிர்த்து 2011இல் அமைச்சர் ஒருவர் ஆட்களுடன் சென்று விலங்குகளை அள்ளிச் சென்றார்; பின்னர் விடயம் நீதிமன்றம் சென்றது. பலியை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் கொழும்பின் உணவகங்களுக்கு அன்றாடம் அறுபடும் ஆடுகளுக்காக எந்த வாகனமும் புறப்படவில்லை.

இதனினும் பெரிய விடயம் வில்பத்துவின் வடக்கெல்லையில் நடந்தது. 1990 ஒக்டோபரிலே வடமாகாண முஸ்லிம் மக்கள், ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் புத்தளமும் கற்பிட்டியும். கிடுகுக் கொட்டில்களில் இருபது ஆண்டுகள் கழிந்தன. யுத்தம் 2009இல் முடிந்தபின் முசலிப் பிரதேசத்து மக்கள் மரிச்சுக்கட்டிக்கும் கரடிக்குளிக்கும் பாலைக்குளிக்கும் திரும்பியபோது, வளவுகளில் காடு வளர்ந்திருந்தது. 2012இல் அப்பகுதிகள் பாதுகாக்கப்பட்ட வனமென வர்த்தமானியிற் பிரகடனம் செய்யப்பட்டன. ‘வில்பத்துவைக் காப்போம்’ என்ற முழக்கம் எழுந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் காடழிப்புச் சட்டவிரோதமெனக் கண்டு, மீண்டும் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்க வேண்டுமெனத் தீர்த்தது. வனச்சட்டம் வேண்டியதே, குடியேற்றத்தின் பெயரால் காட்டை விழுங்கும் அரசியல்வாதிகளை நாம் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் பட்டினத்து இயற்கை அன்பர்கள் பலரது பேச்சில், தம் பாட்டனார் அடங்கிய மண்ணுக்குத் திரும்பியவர்கள் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். சிறுத்தையும் கரடியும் பூர்வகுடிகள் ஆயின. கரடிக்குளி என்று ஊருக்குப் பெயரிட்டவர்கள் கரடியோடு வாழ்ந்த மனிதர்கள் என்பது அவர்களுக்கு நினைவு வரவில்லை. மனிதரை வெறுப்பதற்கு வசதியான சாட்டாக விலங்கு பயன்படும் இடத்தில், அங்கே விலங்கின்மேலும் அன்பில்லை என்றே நாம் கொள்கிறோம்.

யானையின் விடயம் இன்னும் கடினமானது. வண்ணாத்திவில்லிலும் கருவலகஸ்வெவவிலும் சேனை செய்யும் குடியானவனுக்கு யானை கவிதைப் பொருளன்று. மூன்று மாத உழைப்பை ஓர் இரவிலே அது தின்றுவிடும். எதிர்ப்பட்டால் ஆளையும் கொல்லும். அவன் தரப்பில், பூசணிக்காய்க்குள் வெடிமருந்து வைக்கும் வழக்கம் உண்டு. சிங்களத்தில் ஹக்கப்பட்டாஸ் என்பர். கடித்ததும் யானையின் வாய் சிதறும், உடனே சாகாது, தின்ன முடியாமல் வாரக்கணக்கில் அலைந்து சாகும். 2023இல் மாத்திரம் நாடு முழுவதும் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் இறந்தனர். இறந்த மனிதருள் ஏழையல்லாதவர் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும்.

இங்கே யானையும் குற்றவாளியல்ல. குடியானவனும் படைப்பிலேயே கொடியவன் அல்லன். நாரையின் நிலைதான் அவனுக்கும். பசி ஒருபுறம், எதிரே மீன். அவனுக்கு அகிம்சையைப் போதிக்கச் செல்வோர், அந்த நாரை கேட்ட இரண்டாவது வரத்தை மறந்துவிடுகின்றனர்.

பல ஆண்டுகளாக அரசாங்கம் மின்வேலிகளை அமைத்தது. அவற்றில் அநேகம் காட்டின் எல்லையில் அமையவில்லை. வனசீவராசிகள் திணைக்களத்தின் நிலமும் வனத் திணைக்களத்தின் நிலமும் சந்திக்கும் நிர்வாகக் கோட்டிலே அமைந்தன. இருபுறமும் காடு, இருபுறமும் யானை. யானைக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. இத்தீவின் யானைகள் நடமாடும் நிலத்தில் ஏறக்குறைய எழுபது வீதம் காப்பகங்களுக்கு வெளியே, மனிதரும் வாழும் இடங்களில் உள்ளது என்பதை ஆய்வுகள் காட்டிய பின்னரே வேறு வழி யோசிக்கப்பட்டது. புத்தளத்துக்கு அண்டைய குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியில், வேலியைக் காட்டுக்கு இடாமல் ஊருக்கும் வயலுக்கும் இடும் முறை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிற் பரீட்சிக்கப்பட்டு வருகிறது. வயல்வேலியைக் கமக்காரர் தாமே கூட்டாக நிருவகிக்கின்றனர். விதைக்கும் காலத்தில் கம்பம் நட்டு மின்கம்பி கட்டுவர். இரவில் முறைவைத்துப் பார்ப்பர். பழுதானால் தாமே திருத்துவர். அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபின் கம்பியைச் சுருட்டிக் கம்பத்தைப் பிடுங்கி வைத்துவிடுவர். அதன் பின் யானைகள் வயலுக்குள் இறங்கி, எஞ்சிய தாளையும் புல்லையும் மேய்கின்றன.